அங்க்ராவுல ராஜா வெச்ச ஆபீஸ்

மேப்பை விரிச்சு வெச்சுப் பாருங்க. கொச்சியில மிளகு ஏத்தின போர்ச்சுகீசியக் கப்பல், ஆப்பிரிக்காவோட தென்முனையைச் சுத்தி, கரையை ஒட்டியே வடக்க ஏறினா லிஸ்பன் வந்துடும். சுலபம்தானே? ஆனா காத்து விடாது. சஹாரா பக்கம் வடகிழக்குக் காத்து மூஞ்சிக்கு நேரா அடிக்கும். அதனால அட்லாண்டிக் நடுவுல வடமேற்கா வளைஞ்சு போய், மேலைக்காத்து கிடைக்கிற இடத்துல திரும்பணும். அந்தத் திருப்பத்துல இருக்குறதுதான் அசோர்ஸ் தீவுகள். அதுல டெர்சேரா தீவோட துறைமுகம் அங்க்ரா.

வாஸ்கோ ட காமா 1499ல திரும்பினப்போ இங்கதான் ஒதுங்கினார். கூட வந்த அண்ணன் பவுலோ நோயில செத்து, இந்த மண்ணுலயே புதைக்கப்பட்டார்.

1527ல மூணாம் ஜோவான் ராஜா இங்க ஒரு பதவியை உண்டாக்கினார். 'ப்ரொவெடோர் தாஸ் அர்மாதாஸ்'னு பேரு. கப்பல்களுக்கான ராஜாவோட மேற்பார்வையாளர்னு வெச்சுக்கலாம். முதல் ஆள் பெரோ அனெஸ் தோ காந்தோ. அப்புறம் தலைமுறை தலைமுறையா அவர் குடும்பத்துக்கே போச்சு.

வேலை என்ன? ஆறு மாசம் கடல்ல கிடந்து வர்ற கப்பல்ல தண்ணி நாறியிருக்கும், பாதிப் பேருக்கு ஈறு வீங்கியிருக்கும். அவங்களுக்குத் தண்ணி, சாப்பாடு, ஆள் எல்லாம் குடுக்கணும். ஓட்டையை அடைக்கணும். கொள்ளைக்காரங்க எங்க பதுங்கியிருக்காங்கன்னு முன்னாடியே படகு அனுப்பிச் சொல்லணும். லிஸ்பன் வரைக்கும் துணைக்குப் போர்க்கப்பல் ஏற்பாடு பண்ணணும். ராஜா வீட்டு மிளகு ராத்திரியோட ராத்திரியா கரையில வித்துப் போகாமப் பார்த்துக்கணும். இதுல எது ரொம்பக் கஷ்டம்னு நினைக்கிறீங்க? என் ஓட்டு கடைசிக்குத்தான் :-)

கொள்ளைக்காரனுக்கும் அந்தத் திருப்பம் தெரியும்ங்கிறதுதான் சிக்கல். சரக்கு நிறைஞ்ச, ஆள் சோர்ந்த கப்பல் எந்த வழியா வரும்னு காத்தே சொல்லிக் குடுத்துடுதே! இங்கிலீஷ்காரங்க இந்தத் தீவுகளைச் சுத்தியே காத்துக்கிட்டு இருந்தாங்க. 1592ல 'மாத்ரே தே தேவுஸ்'ங்கிற பிரம்மாண்டமான கப்பலை ஃப்ளோரஸ் தீவு பக்கத்துல மடக்கி, மிளகு, பட்டு, நகைன்னு அத்தனையோட ஊருக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு அதைவிடச் சுவாரசியமா படுறது 1589 சமாச்சாரம். மலாக்காவுல இருந்து வந்த ஒரு கப்பல் இங்கிலீஷ்காரங்களுக்குப் பயந்து அங்க்ராவுல நங்கூரம் போட்டது. பீரங்கிக்குத் தப்பிச்சது, புயலுக்குத் தப்பல, துறைமுகத்துலயே மூழ்கிடுச்சு. சரக்கை மீட்கிற வேலைக்கு, அப்போ அங்க வந்து சேர்ந்திருந்த ஒரு டச்சுக்காரர் தங்கினார். யான் வான் லின்ஸ்கோட்டன். கோவா ஆர்ச்பிஷப்கிட்ட செயலாளரா இருந்தவர். ரெண்டு வருஷத்துக்கும் மேல அங்க்ரா வாசம்.

கோவாவுல சேர்த்த கடல்வழிக் குறிப்புகளெல்லாம் அவர்கிட்ட பத்திரமா இருந்துச்சு. மிளகு வெளிய போகாமப் பார்த்த துறைமுகத்துல, பேப்பரை யாரு பார்ப்பாங்க? 1595ல அது ஹாலந்துல அச்சாச்சு. அதே வருஷம் ஹௌட்மன் அந்தக் குறிப்போட ஜாவாவுக்குக் கப்பல் ஏறினார்.

மறுவருஷம் வந்த முழுப் புத்தகத்துல அங்க்ராவோட படமும் இருக்கு. கோட்டை, துறைமுகம், தெருவுன்னு ஒண்ணு விடாம வரைஞ்சு வெச்சிருக்கார் மனுஷன்.