தாய்மார்களிடம் கேட்ட கேள்வி

1950-களில் பிரிட்டனில் ரத்தப் புற்றுநோய்க்குப் பலியாகும் குழந்தைகள் கூடிக்கொண்டே போனார்கள். காரணத்தைத் தாய்மார்களிடமே கேட்பது என்று ஆக்ஸ்போர்டு மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் முடிவெடுத்தார். கிடைத்த நிதி 1,000 பவுண்டு. தந்தது, அதே நோயில் இறந்த மெஹர்பாய் டாடாவின் பெயரிலான அறக்கட்டளை.

வினாத்தாளில் நாய், பூனை, கலர் மிட்டாய், கடையில் பொரித்த மீன் எல்லாம் இருந்தன. எக்ஸ்ரேயும் இருந்தது.

அங்கேதான் துப்பு கிடைத்தது. புற்றுநோயில் இறந்த குழந்தைகளின் தாய்மார்களில், கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மற்ற தாய்மார்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 1956-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. மருத்துவ உலகம் லேசில் ஏற்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் ஓயப் பல ஆண்டுகள் பிடித்தன. அத்தனை தாமதம் நேர்ந்திருக்கவே கூடாது.

இன்று எக்ஸ்ரே எடுக்குமுன் பெண்களிடம், “நாள் தள்ளிப்போயிருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். சந்தேகம் என்றாலும் கூச்சப்படாமல் சொல்லலாம். அவசரமில்லை என்றால் தள்ளிவைப்பார்கள், அல்லது அல்ட்ராசவுண்டு எடுப்பார்கள்.