சட்டாம்பிள்ளையும் புலி அம்மாவும்

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கம் என்று ஓர் ஊர். ஊருக்கு என்ன அழகான பெயர் பாருங்கள்! ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இடம். இன்று சிப்காட் போர்டு, கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் பஸ்கள். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். சுற்றிலும் கொரியக் கம்பெனி, ஜப்பான் கம்பெனி, ஜெர்மன் கம்பெனி, தைவான் கம்பெனி என்று ஒரு குட்டி ஐ.நா. சபையே நடக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு வேலை ஆரம்பித்தது 1996-ல். 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. காரோடு சேர்ந்து கொரியக் குடும்பங்களும் வந்தன. அவர்களோடு பழகிய நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி. கொரியக் குழந்தை தன் தகப்பனாரை எப்படிக் கூப்பிடுகிறது தெரியுமா? ‘அப்பா’! அம்மாவை ‘ஒம்மா’. உடனே ‘நாமெல்லாம் ஒரே வம்சம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அது மொழி ஆராய்ச்சியாளர்கள் பாடு. நம் கேள்வி வேறு. கூப்பிடுகிற வார்த்தை ஒன்றுதான். ஆனால், அந்த அப்பாவும் இந்த அப்பாவும் பிள்ளை வளர்ப்பது ஒரே மாதிரியா? யார் வளர்ப்பில் பிள்ளை உருப்படும்?

இந்தக் கேள்வியை வைத்து உலகமே ஒருமுறை சண்டை போட்டது. 2011-ல் ஏமி சுவா என்ற சீன வம்சாவளி அமெரிக்கப் பேராசிரியை ஒரு புத்தகம் எழுதினார். தன்னைத்தானே ‘புலி அம்மா’ என்று சொல்லிக்கொண்டார். மகள்கள் தோழி வீட்டில் தங்கக் கூடாது. விளையாடப் போகக் கூடாது. ‘ஏ’ கிரேடுக்குக் கீழே வாங்கக் கூடாது. பியானோ, வயலின் முன்னால் மணிக்கணக்காக உட்கார வேண்டும். அமெரிக்கத் தாய்மார்கள் கொதித்துப்போனார்கள். நம்ம ஊர் அம்மாக்கள் படித்திருந்தால், ‘இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுலயும் இதானே!’ என்றிருப்பார்கள்.

ஆனால், அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியைப் பலர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். மாஸ்கோவில், செஞ்சதுக்கத்தின் அருகே ஒரு காபிக் கடையில், இளைய மகள் கண்ணாடி டம்ளரைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, ‘இந்த வாழ்க்கையே எனக்குப் பிடிக்கவில்லை’ என்று கத்துகிறாள். புலி பின்வாங்குகிறது!

* * *

இந்தப் புலிகளின் பூர்வீகம் என்ன?

கொரியாவில் அரசாங்க வேலைக்குத் தேர்வு வைக்கும் பழக்கம் கி.பி. 958-ல் தொடங்கியது. ‘குவாகோ’ என்று பெயர். சீனாவிலிருந்து வந்த வழக்கம் அது. 1894-ல் ஒழிக்கப்படும்வரை, ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேலாக, ஒரு குடும்பம் தலைநிமிர வேண்டுமானால் பிள்ளை அந்தத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு போய்விட்டது, அந்தப் பதற்றம் மட்டும் ரத்தத்தில் தங்கிவிட்டது.

இன்றும் நவம்பர் மாதம் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும் நாளில் கொரியாவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கின்றன. நேரமாகிவிட்ட மாணவனை போலீஸ்காரர் மோட்டார் பைக்கில் ஏற்றிப் போகிறார். ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் தேர்வு நடக்கும்போது விமானங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது!

டியூஷன் மோகம் எல்லை மீறிப் போய், 1980-ல் ராணுவ ஆட்சி ஒரு காரியம் செய்தது. டியூஷனுக்கே தடை. நின்றதா? ம்ஹூம். ரகசியமாக நடந்தது. ‘பெற்றோரின் உரிமையில் தலையிட முடியாது’ என்று 2000-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பெற்ற மனம் பீரங்கிக்கே அடங்கவில்லை பாருங்கள்!

கொரியாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லும் ஒரு கதை உண்டு. ஹான் சொக்போங் (1543-1605) என்ற புகழ்பெற்ற கையெழுத்துக் கலைஞரின் கதை. தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா, ‘தொக்’ விற்றுப் பிழைப்பவர் (நம்ம ஊர் தக்காளித் தொக்கு அல்ல, கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு அரிசிப் பலகாரம்). படிக்கத் தொலைவுக்கு அனுப்பிய மகன், கெடு முடிவதற்குள் ஒரு ராத்திரி வீட்டு வாசலில் வந்து நின்றான். ‘எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன்’ என்றான். அம்மா விளக்கை அணைத்தார். ‘நீ இருட்டில் எழுது. நான் இருட்டில் தொக் நறுக்குகிறேன்.’ மறுபடி விளக்கு ஏற்றியபோது, அம்மா நறுக்கிய துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. மகன் எழுத்து கோணல்மாணல். அந்த ராத்திரியே மகன் திரும்பிப் போனான்.

கதையைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். பிறகு வருவோம்.

* * *

சரி, நம்ம பக்கம்?

குழந்தையைக் கொண்டாடுவதற்கென்றே ‘பிள்ளைத்தமிழ்’ என்று தனி இலக்கிய வகை வைத்திருந்தவர்கள் நாம். தலையாட்டுவதற்கு ஒரு பருவம், கை தட்டுவதற்கு ஒரு பருவம், முத்தம் கேட்பதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம் என்று மொத்தம் பத்து. ஆனால், குழந்தைக்கு ஐந்து வயதானதும் காட்சி மாறும். விஜயதசமியன்று திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுத வேண்டும். தப்பு செய்தால் பிரம்பு. முட்டியில் நிற்க வைப்பது, கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்று தண்டனைகளுக்குத் தனி அகராதியே உண்டு.

அதே திண்ணைப் பள்ளியில் இன்னொரு விஷயமும் இருந்தது. சட்டாம்பிள்ளை! வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் முப்பது நாற்பது பேர். மூத்த பையன் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். பிள்ளையே பிள்ளைக்கு வாத்தியார்.

1787-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் அநாதைக் குழந்தைகள் விடுதியை நடத்தினார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். ‘அட!’ என்று தோன்றியது. தன் விடுதியில் இதைச் செய்யச் சொன்னால் உதவி ஆசிரியர்கள், ‘சரிப்படாது’ என்றார்கள். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, ‘நீ சொல்லிக்கொடு’ என்றார். பெரியவர்கள் முடியாது என்றதை எட்டு வயசுப் பொடியன் செய்து காட்டினான்!

பெல்லின் விடுதியில் தப்பு செய்தவன் பெயர் கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை விசாரணை. தீர்ப்புச் சொல்லும் ஜூரிகள் யார்? மாணவர்களே! ஊருக்குத் திரும்பிய பெல் 1797-ல் இதைப் புத்தகமாக எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்று ஒரு பள்ளி இருக்கிறது. நம்ம சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிப்போன கதை இது.

இதற்காக ரொம்பவும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் நிறைய இருந்தது. ஆனால் மாகாணத்தின் ஜனத்தொகை 1 கோடியே 28 லட்சம்! பெண் குழந்தைகள் பள்ளியில் அநேகமாக இல்லவே இல்லை. திண்ணையில் ஏறவே அனுமதி இல்லாத சாதிகளின் பிள்ளைகள்? அவர்களுடைய அப்பா கண்டிப்பானவரா, செல்லம் கொடுப்பவரா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. கதவு மூடியிருந்தது. அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது வளர்ப்பு முறை அல்ல. ஒரு பெரிய பங்கு, சாப்பாடு. 1920-ல் நீதிக்கட்சி காலத்தில் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்த மதிய உணவு, 1956-ல் காமராஜர் கையில் மாநிலத் திட்டமானது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-ல் காலை உணவு. பிள்ளையின் வெற்றிக்குப் பெற்றோர் மட்டுமே காரணம் என்று பேசும்போது இந்தத் தட்டையும் டம்ளரையும் மறந்துவிடக் கூடாது.

* * *

ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

1960-களில் கலிஃபோர்னியாவில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியல் அறிஞர் பெற்றோரை மூன்றாகப் பிரித்தார். ‘நான் சொன்னா சொன்னதுதான்’ ரகம். ‘என்ன வேணா செஞ்சுக்கோ ராஜா’ ரகம். கண்டிப்பும் உண்டு, காரணமும் சொல்வேன் என்ற மூன்றாவது ரகம். அமெரிக்காவில் மூன்றாவது ரகத்துப் பிள்ளைகளே நன்றாக வந்தார்கள். ஆனால், அங்கே குடியேறிய ஆசியர்கள் ‘சொன்னா சொன்னதுதான்’ ரகமாகத் தெரிந்தும், அவர்கள் பிள்ளைகள் மார்க் வாங்கினார்கள். இது எப்படி?

1994-ல் ரூத் சாவோ என்பவர் ஒரு விளக்கம் கொடுத்தார். சீன மொழியில் ‘குவான்’ என்றொரு சொல். அடக்கி ஆள்வதற்கும் அதுதான், அக்கறையாகக் கவனிப்பதற்கும் அதுதான். ஆங்கிலக்காரருக்குப் புரிவது கஷ்டம். நமக்குக் கஷ்டமா என்ன? ‘புள்ளைய பாத்துக்கோ’ என்றால் காவலும் அதுதான், பாசமும் அதுதான்.

ஹரால்ட் ஸ்டீவன்சனின் குழு 1980-களில் மினியாபொலிஸ், ஜப்பானின் செண்டாய், தைவானின் தைபே நகரங்களில் தாய்மார்களிடம் பேசியது. பிள்ளை கணக்கில் ஏன் பின்தங்குகிறான்? அமெரிக்கத் தாய்மார்கள் பிறவித் திறமையை அதிகம் சொன்னார்கள். ஜப்பான், தைவான் அம்மாக்கள் உழைப்பை அதிகம் சொன்னார்கள். நாம் எந்தக் கட்சி? வள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ என்று உழைப்புக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் வாயைத் திறந்தால், ‘எல்லாம் தலையெழுத்து’, ‘அவன் மண்டைல ஏறல சார்’!

அப்படியானால் புலியாக மாறிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2013-ல் சூ யங் கிம் என்ற பேராசிரியை 444 சீன-அமெரிக்கக் குடும்பங்களை எட்டு வருடங்கள் தொடர்ந்து கவனித்து முடிவை வெளியிட்டார். புலி வளர்ப்பில் வளர்ந்தவர்களைவிட, ஆதரவாக வளர்க்கப்பட்டவர்கள் அதிக மார்க் வாங்கினார்கள்; மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவு. முக்கியமான விஷயம், சீனப் பெற்றோரிலேயே இந்த ஆதரவு ரகம்தான் அதிகம்!

* * *

பிள்ளைப்பாக்கத்துக்கு வருவோம். பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரின் மிகப் பெரிய பிள்ளை யார்? 1017-ல் அங்கே பிறந்ததாக மரபு சொல்லும் ராமானுஜர். குருபரம்பரைக் கதைகளின்படி அவர் ‘சொன்ன பேச்சு கேட்கிற’ மாணவர் இல்லை. குரு யாதவப்பிரகாசர் சொன்ன விளக்கம் தப்பு என்று கண்ணீரோடு மறுத்தவர். யாரிடமும் சொல்லாதே என்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் ஊரறியச் சொன்னவர். ‘வாயை மூடு’ என்று மட்டுமே சொல்லி வளர்த்திருந்தால் நமக்கு ஒரு ராமானுஜர் கிடைத்திருக்க மாட்டார்.

இன்று அந்த ஊர்ச் சாலைகளில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிகிற அம்மாக்கள், அப்பாக்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி. சம்பளத்தில் பெரிய பங்கு இங்கிலீஷ் மீடியம் ஃபீஸுக்கு. இந்த வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் எது தெரியுமா? ‘நல்லா படி. என்னை மாதிரி ஆயிடாதே!’

அன்பில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை காதில் எப்படி விழும்? ‘அப்பா செய்யும் வேலை ஒரு வேலையே இல்லை. மார்க் குறைந்தால் நானும் ஒன்றுமில்லை.’ மார்க் ஷீட்டைப் பார்த்ததும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வரவே பயப்படுகிறதென்றால், அந்தப் பயம் முளைப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்தத் தொக் விற்ற அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் மகனை அடிக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிடவில்லை. ‘என்னை மாதிரி ஆயிடாதே’ என்றும் சொல்லவில்லை. ‘என் வேலையில் நான் இவ்வளவு தேர்ந்தவள். உன் வேலையில் நீ?’ என்று கேட்டார். அது கண்டிப்புதான். ஆனால் அதில் அவமானம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகாணியை, நூலிழை பிசகாமல், ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான தடவை பொருத்துகிற கைகள் ஒரகடத்திலும் இருக்கின்றன. அது எவ்வளவு பெரிய வித்தை! அதை அந்த வீட்டுப் பிள்ளை ஒருதரமாவது கேட்டிருக்கிறதா?

இன்று ராத்திரி மார்க் ஷீட்டைப் பிரிப்பதற்கு முன்னால், உங்கள் வேலையைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளை கேள்வி கேட்கும். கேட்கட்டும்!