கம்பிவேலிக்குள் பிறந்த கனவு: ஃபேர் தீவின் பறவை வரலாறு



வரலாறு என்றால் மன்னர்களும் போர்களுமே என்று எண்ணும் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு வரலாற்றை இன்று எழுத விழைகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு இடையில் உள்ளது ஃபேர் தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கு வாழ்வோர் நூறு பேர்கூட இல்லை. வசந்த காலத்தில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், ஸ்காண்டிநேவியாவை நோக்கி வலசை செல்லும் பறவைகள் பல, தென்கிழக்குக் காற்றினால் வழிவிலகி இங்கு இறங்கி இளைப்பாறுகின்றன. 1905ஆம் ஆண்டில் இங்கு வந்த வில்லியம் ஈகிள் கிளார்க் என்னும் அறிஞர் இதன் சிறப்பை உலகறியச் செய்தார். தீவு மக்களையும் பறவைகளைக் கண்டு குறித்துவைக்கப் பழக்கினார்.

1935இல் முதன்முதலாக இங்கு வந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன், இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போர்க்கைதி முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தவாறே, இயன் பிட்மன் என்னும் சக கைதியுடன் சேர்ந்து, ஃபேர் தீவில் பறவை ஆய்வகம் அமைக்கத் திட்டம் தீட்டினார். சிறுநீரக நோயினால் 1943இல் தாயகம் அனுப்பப்பட்டார். எனினும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1947இல் தீவையே விலைக்கு வாங்கினார். மறு ஆண்டே, கடற்படையினர் விட்டுச்சென்ற குடில்களில் ஆய்வகம் தொடங்கியது. 1954இல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் உடைமையாயிற்று.

ஆய்வகத்தின் பணிமுறை எளியது. வாய் அகன்று, போகப்போகக் குறுகும் கம்பிவலைக் கூண்டுக்குள் பறவைகளை மெல்ல ஓட்டுவர். கடைசியில் உள்ள பெட்டியில் அவை சேரும். எடையையும் சிறகின் நீளத்தையும் அளந்து, காலில் எண் பொறித்த வளையமிட்டுப் பறக்கவிடுவர். அந்த எண்ணுடன் அப்பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால், அதன் பயணம் புலப்படும். முதல் இயக்குநரான கென்னத் வில்லியம்சன், காற்று பறவைகளை வழிவிலக்கும் விதத்தை இத்தகைய பதிவுகளின் துணைகொண்டே ஆராய்ந்தார்.

2019 மார்ச் 10ஆம் நாள், 2010இல் எழுப்பப்பட்ட ஆய்வகக் கட்டடம் தீயில் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பல்லாண்டுக் காலப் பறவைப் பதிவுகள் முன்னரே கணினியில் ஏற்றப்பட்டிருந்தமையால் அவையும் தப்பின. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். 1948இன் வசந்தத்தில் வந்த பறவைகளை மீண்டும் எண்ண எவராலும் இயலாது.

நம் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்போம். நாள், இடம், கண்ட பறவை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதச் சொல்வோம். எழுதியதைப் பத்திரப்படுத்துவது பெரியவர்களாகிய நம் கடமை.