கடல் ஓவியமும் அதன் பிரதிகளும்

'கையால் வரைந்த பிரதி' என்று சொல்வதிலேயே ஒரு சமாதானம் இருக்கிறது. இயந்திரத்தில் அச்சானதல்ல, ஒரு மனிதன் தூரிகை பிடித்துத் தீட்டியது, ஆகவே மூலத்தின் உயிர் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற சமாதானம். சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் டாஃபென் என்ற பகுதி இந்தச் சமாதானத்தின்மேல்தான் வளர்ந்தது. 1989-ல் ஹுவாங் ஜியாங் என்பவர் ஒரு சிறு ஓவியர் கூட்டத்தோடு வந்து தொடங்கிய தொழில் அது. புகைப்படத்தைப் பார்த்து, கித்தானில், தைல வர்ணத்தில், கேட்ட அளவுக்கு வரைந்து கொடுப்பார்கள். பழைய ஐரோப்பியக் கடல் ஓவியங்களையும் இப்படி வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இதைக் கண்டு முகம் சுளிப்பது சுலபம். ஆனால் கடல் ஓவியத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் அந்தச் சுளிப்பு நிலைப்பதில்லை.

அந்தச் சரித்திரத்தில் முதலில் நிற்கும் பெயர் வில்லெம் வான் டெ வெல்டெ. அப்பா, பிள்ளை இருவருக்கும் அதே பெயர். அப்பா (1611–1693) அடிப்படையில் கோட்டுச் சித்திரக்காரர். டச்சுக் கடற்படையோடு ஒரு சிறு பாய்க்கப்பலில் போய், பீரங்கிப் புகைக்கு நடுவே சண்டையைப் பார்த்துக் காகிதத்தில் கோடிழுத்துக்கொண்டு வருவார். 1666-ல் ஆங்கிலேயரோடு நடந்த நான்கு நாள் சண்டையை அப்படித்தான் வரைந்தார். கரைக்கு வந்தபின், வெள்ளை பூசிய பலகையிலோ கித்தானிலோ பேனாவும் மையும் கொண்டு அதைப் பெரிதாக எழுதுவார். (சித்திரம் 'எழுதுவது' என்ற நம் பழைய வழக்கு இவருக்கு மிகவும் பொருந்தும்.) பார்வைக்கு அது செப்புத் தகட்டில் அச்செடுத்த படம்போல இருக்கும். மூலம் என்று நாம் மரியாதை செய்வது அச்சுப்படத்தின் சாயலைத் தேடிப் போயிருக்கிறது.

பிள்ளை (1633–1707) வர்ணக்காரர். 1672–73 குளிர்காலத்தில், இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டிருக்கும்போதே, இருவரும் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். 1674-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆளுக்கு 100 பவுன் வருஷச் சம்பளம் போட்டார். அந்த உத்தரவைக் கலை விமர்சனமாகவே படிக்கலாம். கடற்போர்களைக் கோட்டில் எடுப்பதற்கு அப்பாவுக்குச் சம்பளம்; அந்தக் கோடுகளுக்கு வர்ணமேற்றுவதற்குப் பிள்ளைக்குச் சம்பளம். கண்டவர் ஒருவர், தீட்டியவர் இன்னொருவர். படைப்பு ஒரே ஆன்மாவிலிருந்து பீறிட்டு வருவது என்று நாம் ரொமான்டிக் கவிஞர்களிடம் பாடம் கேட்டுவிட்டு நம்பிக்கொண்டிருப்பது அரண்மனைக் கணக்கருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கிரீனிச்சில் ராணி மாளிகையின் கீழ்த்தளத்தில் அவர்களுக்குப் பட்டறை கிடைத்தது. குடும்பத்தாரும் உதவியாளர்களும் கூடி வேலை செய்த இடம். கோட்டுச் சித்திரத்தின்மேல் வேறு காகிதத்தை வைத்துத் தேய்த்து இன்னொரு படி ஒற்றியெடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது. ஒரே கப்பல் பல கடல்களில் மிதந்தது. விரும்பிக் கேட்கப்பட்ட காட்சிகள் மறுபடி மறுபடி தீட்டப்பட்டன. 1990-ல் எம். எஸ். ராபின்சன் இரண்டு பாகங்களாக வெளியிட்ட அட்டவணை, ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் கை எவ்வளவு, பட்டறையின் கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பெரும்பாடு படுகிறது. காசோலையின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு அவர் சிரமம் புரிகிறது. ஆனால் கையெழுத்து சரியாக இருப்பதால் கணக்கில் பணம் இருப்பதாக ஆகிவிடாது. கை யாருடையது என்பது விற்பனைக்கு அவசியமான கேள்வி. ஓவியத்துக்கு அது இரண்டாம் கேள்விதான்.

முதல் கேள்வி எதுவென்று காட்டுவதற்கு டர்னர் போதும். 1720-களில் எலைஷா கிர்க்கால் பிள்ளையின் கடல் ஓவியங்களைக் கடற்பச்சை மையில் அச்சுப்படங்களாக வெளியிட்டார். இப்படியொரு பச்சை அச்சுப்படம்தான் தன்னை ஓவியனாக்கியது என்று டர்னர் பிற்காலத்தில் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும் 1801 சம்பவம் நிச்சயமானது. பிரிட்ஜ்வாட்டர் பிரபு தன்னிடமிருந்த வான் டெ வெல்டெயின் புயற்காட்சி ஒன்றுக்கு ஜோடியாக ஒரு படம் கேட்டார். டர்னர் கொடுத்தது மூலத்தைவிடப் பெரிய கித்தான். காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிவிட்டார். போதாக்குறைக்கு, இரண்டு படகுகள் மோதிக்கொள்ளப்போகும் நிமிஷத்தையும் கொண்டுவந்து வைத்தார். வான் டெ வெல்டெயைப் பார்த்துத்தான் வரைந்தார். ஆனால் பார்வை கித்தானோடு நிற்காமல் அதைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று. நம் வட்டத்தில் ஒருவனைப் 'பார்த்து எழுதுகிறவன்' என்று சொல்லிவிட்டால் தீர்ப்பு முடிந்தது. எதுவரை பார்த்தான் என்று யாரும் விசாரிப்பதில்லை.

டாஃபென் ஓவியருக்குக் குறை கைத்திறனில் இல்லை. அலையின் நுரையை, ஈரப் பாயின் கனத்தை அவரும் தீட்டுவார். அவருக்கு வரும் ஆணைதான் குறுகலானது. புகைப்படத்தில் உள்ளது உள்ளபடி வேண்டும் என்கிறது. டர்னரிடம் பிரபு கேட்டது ஜோடி. இவரிடம் வாடிக்கையாளர் கேட்பது நகல். கடலைத் திரும்பிப் பார்க்க இவருக்குக் கூலி கிடையாது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில், 1657-ல் அப்பா பேனாவால் எழுதிய டெர்ஹைடெ சண்டைப் படம் இருக்கிறது. டச்சுத் தளபதி டிராம்ப் மாண்ட 1653 ஆகஸ்ட் 10-ம் தேதிச் சண்டை. படத்தின் முன்பகுதியில், ஒரு சிறு கப்பலில் ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். அது அப்பாதான். இந்தப் படத்துக்குப் பிரதி கேட்டு யாராவது டாஃபெனுக்கு எழுதினால், அங்குள்ள ஓவியர் கப்பல்களோடும் புகையோடும் அவரையும் சேர்த்து வரைய வேண்டியிருக்கும்.