உப்பும் சாராயமும்: பேர்ண் மக்கள் தம் உணவை மாற்றிய வரலாறு

யாழ்ப்பாணத்திலே காய்ச்சலில் விழுந்து எழும்பியவருக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் ஓவல்ரின் கரைத்துக் கொடுத்த காலத்தை எமது சபை அன்பர்களில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆசுப்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையிலே ஓவல்ரின் பேணி ஒன்று கொண்டு போவது மரியாதை. அந்தப் பேணியின் பிறப்பிடம் நாம் இன்று வாழும் இந்தப் பேர்ண் நகரம் என்பது, நம்மிற் பலருக்கு இங்கு வந்து சேர்ந்த பின்னர்தான் தெரிய வந்தது. கேயோர்க் வாண்டர் என்னும் இரசாயன அறிஞர் 1865 இல் இந்நகரிலே ஓர் ஆய்வுகூடம் தொடங்கினார். அவருடைய மகன் அல்பேர்ட் வாண்டர் 1904 இல் வாற்கோதுமை முளைச்சாறு, பால், முட்டை, கொக்கோ ஆகியவற்றைச் சேர்த்து உலர்த்தி, 'ஓவோமால்ரின்' என்று பெயரிட்டு விற்பனைக்கு விட்டார். ஆங்கிலேயரிடம் போனபோது பெயர் ஓவல்ரின் என்று சுருங்கிற்று. அவர்களோடு இலங்கைக்கும் வந்தது.

மெலிந்தவருக்கு உரமூட்டும் பொருளாகவே அது ஆக்கப்பட்டது. சுவிஸ் என்றாற் பாலும் பாற்கட்டியும் தின்று கொழுத்த நாடு என்று எண்ணுகின்ற நமக்கு இது வியப்பாக இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மலைநாட்டு மக்களிற் பலர் வறியவர். உருளைக்கிழங்கு தின்று, உருளைக்கிழங்கிலே வடித்த சாராயத்தையும் குடித்து, கழுத்திலே கழலையோடு வாழ்ந்தவர்கள். அந்த நிலையிலிருந்து இவர்கள் எவ்வாறு மீண்டார்கள் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மவரிடையே அருகிவரும் இக்காலத்தில், அது நமக்கு ஊரார் கதை அன்று.

முதலிற் சாராயத்தின் கதை. பேர்ண் மாநிலத்திலே, எம்மென்ரால் பள்ளத்தாக்கில், லுற்செல்பிளூ என்னும் ஊரில் அல்பேர்ட் பிற்சியுஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். யெரெமியாஸ் கொத்ஹெல்ப் என்ற புனைபெயரிலே கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர் இவரே. சாராயத்தினால் ஐந்து பெண்கள் அழிந்துபோன கதையை 1838 இலும், டூர்ஸ்லி என்னும் குடிகாரனின் கதையை 1839 இலும் வெளியிட்டார். கதையில் அழிபவர் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடி அன்று ஆண்களின் சத்திரத்தோடு நின்றுவிடவில்லை. கமக்காரர் வீடுகளிலேயே வடிகலன் இருந்தது. கிழங்கு மலிவு, சாராயம் அதனினும் மலிவு. பசியையும் குளிரையும் மறக்க ஏழைகள் அதைக் குடித்தார்கள்.

பாதிரியாரின் கதைகளை மக்கள் விரும்பிப் படித்தார்கள், குடியை விட்டார்களில்லை. 1877 இல் ஜெனீவாவிலே லூயி லூசியன் றொஷா என்னும் பாதிரியார் நீலச் சிலுவை என்ற மதுவிலக்குச் சங்கத்தை நிறுவினார். குடிப்பதில்லை என்று எழுத்திலே உறுதிமொழி கொடுத்தவர்கள் அதில் உறுப்பினராயினர். அது பேர்ணுக்கும் பரவிப் பல குடும்பங்களைக் காத்தது. (ஏறத்தாழ அதே காலம், 1876, 77 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே, யாழ்ப்பாணத்தில் ஶ்ரீலஶ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்துக் கொண்டிருந்தார்.) ஆனால் நாடு முழுவதிலும் மாற்றம் வந்தது அரசியலமைப்பினால். 1885 ஒக்ரோபரில் மக்கள் வாக்களித்துச் சாராயத்தைக் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் வைத்தார்கள். 1887 இல் அதற்கான சட்டமும் மக்கள் வாக்கினால் உறுதியாயிற்று. கிழங்குச் சாராயம் அரசின் தனியுரிமை ஆயிற்று. வடிகலன்கள் குறைந்தன, விலை ஏறிற்று. கிடைத்த வருவாயிற் பத்திலொரு பங்கை மாநிலங்கள் குடியை எதிர்க்கும் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும் விதித்தார்கள். இந்தப் பத்திலொரு பங்கு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தீமையில் வரும் பணத்திலே தீமையைத் தடுக்க ஒரு பங்கு என்பது கணக்கு அறிந்தவர் செய்த வேலை.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. பழங்களில் வடிக்கும் சாராயத்தை அச்சட்டம் தொடவில்லை. ஆகவே குடிப்பவர் கிழங்கை விட்டுப் பழத்துக்கு மாறினர். அதையும் கட்டுப்படுத்த 1923 இல் ஒரு வாக்கெடுப்பு நடந்து தோற்றது. 1930 இலேதான் வென்றது. அதன் பின்னர் பேர்ணில் இருந்த மதுசார நிருவாகம் தடுத்ததோடு நிற்கவில்லை. சாராயமாகப் போகும் அப்பிளையும் கிழங்கையும் உணவாகத் தின்னும்படி ஊக்கியது. பள்ளி இடைவேளையிலே பிள்ளைகளுக்கு அப்பிள் கொடுத்தார்கள். புளிக்காத அப்பிட் சாறு குடிக்கும் பழக்கத்தை வளர்த்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கு அப்பிள் கொண்டு போகிறார்களே, அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு சாராயக் கதை இருக்கிறது.

அடுத்தது உப்பு. பனிக்கட்டிக் காலத்திலே பனியாறுகள் இம்மலைகளின் மண்ணை அரித்துச் சென்றமையால் இங்கு விளையும் உணவில் அயடின் மிகக் குறைவு. கடலோ தொலைவு. அயடின் குறைந்தாற் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி வீங்கிக் கழலையாகும். தாயின் உடலிற் கடுமையாகக் குறைந்தால், பிறக்கும் பிள்ளை வளர்ச்சி குன்றி, காது கேளாமல், அறிவு மந்தமாகப் பிறக்கும். அத்தகைய பிள்ளைகள் இந்நாட்டு மலைக் கிராமங்களிற் பலர் இருந்தனர். பேர்ண் நகரத்திற் பிறந்த தேயோடோர் கொஹர் என்னும் அறுவை மருத்துவர் இங்குள்ள இன்செல் மருத்துவமனையிலே ஆயிரக்கணக்கான கழலைகளை அறுத்தெடுத்தார். சுரப்பியை முழுவதும் எடுத்தவர்கள் பின்னர் மந்தமாகிப் போவதைக் கண்டு, 1883 இலே தம் சிகிச்சையின் தீங்கைத் தாமே வெளியிட்டார். தம் கையால் நேர்ந்ததை மறைக்காமற் சொன்ன அந்த நேர்மை பெரிது. அப்படித்தான் அச்சுரப்பி எதற்கு என்பது உலகுக்கு விளங்கியது. 1909 இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. இன்செல் மருத்துவமனைக்குப் போகும் நம்மவர் பலருக்கு இப்பெயர் தெரியாது.

ஆனாற் கத்தியினால் ஒரு நாட்டின் கழலையை அறுத்து முடிக்க முடியுமா? அயடினைக் கழலைக்கு மருந்தாகக் கொடுக்கலாம் என்று ஜெனீவா மருத்துவர் கோண்டே 1820 இலேயே சொல்லியிருந்தார். அளவு மீறிக் கொடுத்ததாற் சிலருக்குத் தீங்கு நேர, மருத்துவர்கள் அஞ்சிக் கைவிட்டனர். நூறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1918 இலே வலே மாநிலத்து மலைக் கிராமமாகிய கிறேக்கெனில் ஒட்டோ பையார் என்னும் நாட்டுப்புற மருத்துவர், சில குடும்பங்களின் உப்பிலே மிகச் சிறிதளவு அயடின் கலந்து கொடுத்துப் பார்த்தார். கழலைகள் சுருங்கின, தீங்கு ஒன்றும் வரவில்லை. 1922 இல் அப்பென்செல் புறமாநிலத்திலே ஹன்ஸ் எக்கென்பெர்கர் என்னும் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று விளக்கி, மக்களிடம் கையொப்பம் வாங்கி, அயடின் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டிற் கூட்டாட்சியின் கழலை ஆணைக்குழுவும் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது.

யாரையும் அவர்கள் வற்புறுத்தவில்லை. அயடின் சேர்த்த உப்பும் சேர்க்காத உப்பும் கடையில் இருந்தன; விரும்பியதை வாங்கலாம். எதிர்த்த மருத்துவர்களும் இருந்தார்கள். எல்லா மாநிலங்களும் இணங்கி வர 1950களின் தொடக்கம் ஆயிற்று. அளவையும் சிறிது சிறிதாகவே கூட்டினர். 1962 இல் ஒரு கிலோ உப்பிற்கு 7.5 மில்லிகிராம், 1980 இல் 15, 1998 இல் 20, 2014 இல் 25. கழலையும் மந்தமாய்ப் பிறக்கும் பிள்ளைகளும் இன்று இந்நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

இவ்விடத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கடல் உப்பிலே அயடின் தானாக இருக்கும் என்று நம்மவரிற் பலர் நம்புகின்றனர். இல்லை, காய்ந்த கடலுப்பில் மிகச் சிறிதளவே உண்டு. தமிழ்க் கடைகளில் வாங்கும் கல்லுப்புப் பொதியிலே அயடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் மீன் தின்றவர்களுக்கு அது பெரிய குறையாகத் தோன்றியிராது. மீனும் முட்டையும் விலக்கி, பாலும் குறைத்த சைவ உணவுக்காரருக்கு இங்கு உப்புத்தான் துணை. கருவுற்ற தாய்மாருக்கு இது மிகவும் முக்கியம். அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நம்முடைய வரலாற்றைப் பார்ப்போம். சைவர்களுக்கு உணவு ஒழுக்கம் புதிதன்று. புலாலுண்ணலும் கள்ளுண்ணலும் ஆகாதென்பதை நாவலர் பெருமான் தம் பாலபாடத்திலே பள்ளிப் பிள்ளைகளுக்கே எழுதி வைத்தார். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் மருந்துக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். எனினும் நம் உணவை மிகுதியும் மாற்றியது போதனை அன்று, போர். குரக்கன், சாமை, தினை, ஒடியல், பனங்கிழங்கு, கைக்குத்தரிசி என்பனவே யாழ்ப்பாணத்து ஏழை எளியவரின் உணவு. இலங்கைக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 இற் பர்மா யப்பானியர் கையில் விழ, அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கோதுமை மா வந்தது. அதே 1942 ஒக்ரோபரில் இங்கு சுவிஸிலும் பாணுக்குப் பங்கீடு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. போர் முடிந்தும் கோதுமை மா போகவில்லை. பாணும் கோதுமை மாப் பிட்டும் இடியப்பமும் வீட்டு உணவாகிவிட்டன. 1980 இலே திருகோணமலையிற் பெரிய மா ஆலையும் எழுந்தது. குரக்கன் மா நோயாளியின் உணவு என்று ஒதுக்கப்பட்டது. ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது!

1983 இன் பின் இங்கு வந்தோரிற் பலர் உணவகங்களின் சமையலறைகளிலே வேலை செய்தனர். நள்ளிரவு கடந்து வீடு திரும்பிச் சோறு உண்டு உடனே படுத்தார்கள். ஊரிலே சைக்கிள் மிதித்த கால்கள் இங்கு காரில் ஏறின. தேத்தண்ணீரில் மூன்று கரண்டிச் சீனி மட்டும் மாறவில்லை. பிறந்தநாள் விழாவும் சாமத்தியச் சடங்கும் மண்டபத்துக்குப் போயின. றோல்ஸும் கட்லற்றும் சோடாவும் மேசைக்கு வந்தன. ஆண்கள் இருக்கும் பக்கம் போத்தலும் வந்தது. அந்தப் போத்தல் ஊரில் வீட்டு முற்றத்திலே ஒளித்துக் குடித்தது. இங்கு பிள்ளைகள் முன்னிலையில் நிற்கிறது. நாற்பது வயதிலே மாத்திரை, ஐம்பதில் ஊசி என்றாகிவிட்ட நம் சகோதரர் எத்தனை பேர் என்பதை, மண்டபத்திலே இலையில் இருந்து பாயாசத்தை ஒதுக்கி வைப்போரை எண்ணிப் பார்த்தே அறியலாம்.

நம் உடலமைப்பும் இதற்கு ஒரு காரணம். ஐரோப்பியரிலும் குறைந்த பருமனிலேயே தெற்காசியருக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. ஆனால் விதி என்று இருந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு நம் இனத்தவரிடையே நடந்த ஆராய்ச்சியே சான்று. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டிலே நோய் வந்தது. நாள்தோறும் அரை மணி நேரம் நடந்து, சீனியையும் தீட்டிய மாவையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39 பேருக்கே வந்தது. மருந்து கொடுத்த பிரிவினருக்கும் ஏறத்தாழ அதே பயன்தான்.

சீனியைக் குறையுங்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பயனில்லை. அவருக்கென்று தனிச் சமையல் வைத்தால் ஒரு கிழமையிலே அவரும் சலித்துப் போவார், சமைப்பவரும் சலித்துப் போவார். எல்லாருக்கும் ஒரே பானையில் மாற வேண்டும். நம்மவரிடம் அவ்வாறான பொதுப் பானை கோயிலிலேதான் இருக்கிறது. பேர்ண் ஐரோப்பாத் திடலிலே 2014 டிசெம்பரில் பல்சமய இல்லம் திறக்கப்பட்டபோது, ஒரே கூரையின் கீழ் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அமைந்ததைப் பலரும் பாராட்டினர். சமயம் வேறானவரும் ஒரே மேசையில் இருந்து உண்ணத்தக்கது சைவ உணவே என்பதும் அங்கு தெளிவாயிற்று. அன்னதானத்திலே வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்திற் சிவப்பரிசிச் சோறும், வடைக்குப் பதில் அவித்த கடலையும் வைத்தால் யார் மறுக்கப் போகிறார்கள்? தைப்பொங்கலுக்குச் சர்க்கரையைக் குறை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொங்கலால் எவருக்கும் நீரிழிவு வந்ததில்லை.

சென்ற திருவிழாவிலே தேநீர் மேசையில் இரண்டு கேத்தல் வைத்துப் பார்த்தோம்; ஒன்று சீனி போட்டது, மற்றது போடாதது. முதல் நாள் போடாத கேத்தலை எவரும் தொடவில்லை; ஒரு அம்மா, பழுதாகிப் போயிற்றோ என்று கேட்டார். மூன்றாம் நாள் அதில் அரைவாசி முடிந்திருந்தது. தேர்த்திருவிழா அன்று, சீனி போட்ட கேத்தல் ஒருமுறையும் போடாதது இருமுறையும் நிரப்பப்பட்டதாகத் தேநீர் ஊற்றிய தம்பி சொன்னார். வரும் திருவிழாவிலும் இரண்டும் இருக்கும்.