கட்டுகிற பணமும் ஓட்டுகிற பணமும்: சேலத்து நகர மையத்திலிருந்து கரடியூர் வரை

நவம்பர் பிறந்தால் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும். பறிப்பு முடிந்து, பழத்தை எடை போட்டு, கூலியை வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வரும் பெண்கள் ஒண்டிக்கடை முக்கில் நிற்கும்போது பனி இறங்கிவிட்டிருக்கும். விரல் நுனியில் காப்பிக் கறை. ஒருத்தி கையில் ரேஷன் பை, இன்னொருத்தி தோளில் தூங்கிப்போன பிள்ளை. டீக்கடைக்காரரிடம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “கரடியூர்ப் பக்கம் போற வண்டி போயிருச்சாண்ணே?” போயிருந்தால் பிக்கப் வண்டி வர வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆள் சேரும் வரை அசையாத ஆட்டோதான். அதே நேரத்தில் ஏரியைச் சுற்றி வெளியூர்க் கார்கள் நிறுத்த இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும்.

சாலை ஒன்றுதான், அதில் இரண்டு பொருளாதாரங்கள் நடக்கின்றன. ஒன்றில் பணம் இருக்கிறது, இன்னொன்றில் தேவை இருக்கிறது. இவை இரண்டையும் இணைக்கும் நிதி ஏற்பாடு நம்மிடம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நகரத்தைச் சீர்படுத்த வரும் பணம் கட்டடமாக நின்றுவிடுகிறது. பேருந்தை ஓட்ட வரும் பணம் பயணச்சீட்டின் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து போகிறது. மலைமேலுள்ள கரடியூர் போன்ற ஊர் இரண்டு கணக்கிலும் விடுபடுகிறது.

முதலில் மலையடிவாரத்து நகரத்தைப் பார்க்கலாம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை, தஞ்சாவூர், வேலூருடன் சேலமும் இடம்பெற்றது. அந்தப் பணத்தில் சேலம் மாநகராட்சி எடுத்த பெரிய வேலை பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்கு நிலையமாகக் கட்டியது. செலவு 96.53 கோடி ரூபாய். வேலை நடந்த ஆண்டுகளில் நகரப் பேருந்துகள் போஸ் மைதானத்துத் தற்காலிக நிலையத்திலிருந்து புறப்பட்டன. 2023 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புதிய நிலையத்தைத் திறந்துவைத்தார். வெயிலிலும் சேற்றிலும் நின்ற பயணிக்கு நிழலும் தளமும் கிடைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் இலக்கணப்படி, கட்டி முடித்த நிலையத்துக்குள் எத்தனை பேருந்து வரும், இரவு எத்தனை மணி வரை வரும், எந்த ஊருக்குப் போகும் என்பவை வேறொரு துறையின் வேறொரு கணக்கு. நிலையம் மாநகராட்சியுடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது. இரண்டும் அடுத்தடுத்து நின்றாலும் அவற்றின் வரவுசெலவு ஏடுகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்காவின் நடுமேற்கு மாநில நகரங்கள் ஒரு தலைமுறையாக இதே சிக்கலோடு மல்லுக்கட்டுகின்றன. அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகள் கூட்டரசின் வழக்கமான போக்குவரத்து மானியத்தைப் பேருந்து வாங்கவும் நிலையம் கட்டவும் செலவிடலாம். ஓட்டுநர் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் பெரும்பாலும் செலவிட முடியாது. ஆலைகள் மூடி, மக்கள் புறநகருக்குப் போய், கடைவீதி வெறிச்சோடிய நகரங்களுக்கு இது பெரிய அடி. அந்த அடியிலிருந்து எழ அவர்கள் செய்த சோதனைகள் சேலம் மாவட்டத்துக்கும் படிப்பினை.

மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டி ஒரு துணிச்சலான வழியைப் பிடித்தது. நகர மையத்தை மட்டும் தனி வட்டாரமாக வரையறுத்தார்கள். அந்த வட்டாரத்துக்குள் விற்பனையாகும் பொருளுக்கு 1 சதவீதம் கூடுதல் வரி, அங்கே சொத்து வைத்திருப்போர் மீது சிறப்புத் தீர்வை. 2012இல் அந்த வட்டாரவாசிகளே வாக்களித்து இதற்கு ஒப்புதல் தந்தார்கள். 2016 மே மாதம் சுமார் 3.5 கி.மீ. நீளத்துக்கு டிராம் ஓடத் தொடங்கியது. ஏறுபவருக்குக் கட்டணம் கிடையாது. டிராம் ஓடுவதால் யாருடைய கடைக்கு ஆள் வருகிறதோ, யாருடைய மனைக்கு விலை கூடுகிறதோ, அவர்கள் ஓட்டும் செலவைத் தாங்குகிறார்கள். தண்டவாளம் போடவும் பெரும்பாலும் அதே ஏற்பாடு, தினமும் வண்டி ஓட்டவும் அதே ஏற்பாடு. 2025 அக்டோபரில் தெற்கே பல்கலைக்கழகம் வரை தடம் நீண்டது; அதற்காக வட்டாரத்தின் எல்லையையும் முன்னரே நீட்டியிருந்தார்கள்.

கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியைப் பார்த்தால் இதிலுள்ள ஓட்டை தெரியும். அங்கே 2018 நவம்பரில் ‘தி ஹாப்’ என்ற டிராம் நகர மையத்தில் ஓடத் தொடங்கியது. கூட்டரசு மானியத்தோடு, மையத்தில் உயரும் சொத்து மதிப்பிலிருந்து கிடைக்கும் வரியைக் கொண்டு கட்டப்பட்டது. அதை நடத்துவது நகராட்சி. வேலைக்குப் போகும் ஏழைகள் ஏறும் பேருந்துகளை நடத்துவது கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம். ஆண்டுதோறும் பற்றாக்குறையில் திண்டாடும் கவுண்டிப் பேருந்துக்கு மையத்தில் திரண்ட வரிப்பணம் போய்ச் சேர வழியில்லை. மையத்தில் வசூலித்ததை மையத்திலேயே செலவிடுவது என்று விதித்துவிட்டால், மையம் மேலும் அழகாகும். ஓரம் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

ஒகாயோவின் சின்சினாட்டி இதற்கு மாற்று கண்டது. அங்கும் மையத்தில் டிராம் உண்டு, 2016இல் வந்தது. ஆனால் முக்கியமான முடிவு 2020இல்தான் எடுக்கப்பட்டது. அதுவரை நகரத்துக்குள் வேலை பார்ப்பவர்களின் வருமானத்தில் பிடிக்கப்பட்ட 0.3 சதவீத வரிதான் பேருந்துக்கு ஆதாரம். அதைக் கைவிட்டு, ஹாமில்டன் கவுண்டி முழுவதற்கும் 0.8 சதவீத விற்பனை வரி விதிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் ‘சரி’ என்று பதில் வந்தது. நகர மையத்தின் பெரிய கடையில் வாங்கும் பொருளின் வரியும் புறநகர்த் தெருவில் விடிகாலைப் பேருந்தை ஓட்டலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. மூன்று நகரங்களையும் சேர்த்துப் பார்த்தால், எங்கே வசூலிப்பது என்பதைவிட எதுவரை செலவிடலாம் என்ற கேள்விதான் பெரிது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மலையேறுவோம். சேலத்திலிருந்து கோரிமேடு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிக்கு வித்திட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இந்த மலையின் போக்குவரத்து இரண்டு திசைகளையே நினைவில் கொண்டிருக்கிறது: சரக்கு கீழே இறங்க வேண்டும், வசதியானவர்கள் மேலே ஏற வேண்டும். பக்கவாட்டில், அதாவது மலைக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது யாருடைய திட்டத்திலும் முதலிடம் பெறவில்லை. வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம், தலைச்சோலை, வாழவந்தி, மாரமங்கலம் என்று ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஆஸ்பத்திரி, வங்கி, தாலுகா ஆபீஸ், மேல்நிலைப் படிப்பு எல்லாவற்றுக்கும் ஏற்காடு வர வேண்டும். பெரிய வைத்தியம் என்றால் சேலம் இறங்க வேண்டும்.

இறங்குகிற பாதையும் எளிதில்லை. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் சென்ற தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின, ஏராளமானோர் காயம்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. சுற்றுலாப் பயணி அறையை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம். மலையில் வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை.

இங்கே ‘விடியல் பயணம்’ வருகிறது. 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பயனடையும் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கணக்கிட்டது. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாக அரசு ஒதுக்கிய தொகை 2024-25இல் 3,050 கோடி, 2025-26இல் 3,682 கோடி. தமிழ்நாட்டில் பேருந்துக்காக எடுக்கப்பட்ட மிகப் பெரிய சமூக முடிவு இது. அதன் அருமையைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

ஆனாலும் திட்டம் ‘நகரப் பேருந்து’ என்ற சொல்லோடு கட்டப்பட்டிருந்தது. மலைப்பாதையில் ஓடுபவை பெரும்பாலும் புறநகர் வகையைச் சேர்ந்தவை. மலைக்கென்று கூடுதல் கட்டணமும் உண்டு. மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் வந்தது. அதில் பெயர் சொல்லப்பட்டவை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை. ஏற்காட்டின் பெயர் அந்த வரியில் இல்லை.

பெயர் சேர்ந்தாலும் அடிப்படைச் சிக்கல் தீராது. ஈட்டுத்தொகை பயணத்துக்குத் தரப்படுகிறது. வண்டி ஏறினால்தான் பயணச்சீட்டு, பயணச்சீட்டு இருந்தால்தான் பணம். பேருந்து வராத ஊருக்கு இலவசமும் வராது. கழகத்துக்காரர்கள் பாஷையில் சொன்னால், ‘கலெக்‌ஷன்’ இல்லாத ‘நடை’, அதாவது வசூல் தராத பயணம், முதலில் வெட்டுப்படும். மலையேற்றத்தில் டீசல் அதிகம் குடிக்கும், பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேயும், வேகமோ பாதி. 2018 ஜனவரியில் உயர்த்திய கட்டணம் பல ஆண்டுகள் அசையாமல் நிற்க, செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. இந்த நிலையில் பத்துப் பதினைந்து பேர் ஏறும் மலைத் தடத்தைக் காப்பாற்று என்று ஒரு கிளை மேலாளரிடம் சொல்வது, அவர் கையில் எதுவும் கொடுக்காமல் சமைக்கச் சொல்வது போலத்தான்.

இதற்குள் ஒரு நுட்பமான விஷயத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மலையூர்களுக்கு மிக முக்கியமான பேருந்து பகலில் ஓடுவது அல்ல. இரவு தங்கும் ‘ஹால்ட் வண்டி’. கடைசி நடையாக ஊருக்குள் போய், கோயில் திடலிலோ பள்ளிக்கூட வாசலிலோ நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டு, நீள சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். யார் வீட்டிலிருந்தாவது வெந்நீர் வரும். விடியலில் எஞ்சின் உறுமும் சத்தம்தான் ஊருக்கே அலாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத் தேதி நெருங்கியவள், மிளகு மூட்டையோடு மண்டிக்குப் போகிறவர் எல்லோரும் அந்த ஒரு நடையை நம்பியே நாளைத் திட்டமிடுகிறார்கள். அதை நிறுத்தினால் ஏட்டில் ஒரு நடைதான் குறையும். ஊரில் ஒரு பகலே குறையும். கலெக்‌ஷன் கணக்கில் இந்த வேறுபாட்டைப் பதியும் கட்டம் கிடையாது.

ஆகவே மானியம் தலைக்கு அல்லாமல் நடைக்குத் தரப்பட வேண்டும். இது ஏதோ வெளிநாட்டுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 முதல் ஓடும் 120 மின்பேருந்துகளின் ஒப்பந்தம் இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. ஓட்டும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். வண்டி நிரம்பியதா, காலியா என்பது அதன் கவலை அல்ல. தலைநகரத்துக்கு ஏற்ற இந்தக் கணக்கு கரடியூருக்கும் பொருந்தும். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டம் தடத்தின் நீளத்தை 25 கி.மீ. வரை கூட்டித் தந்திருப்பது உதவிதான். ஆனால் மினி பஸ் உரிமையாளரும் வசூலைப் பார்த்தே வண்டி எடுப்பார். மழைக்காலத்து மாலையில் ஆறு பேருக்காக வளைவுகளில் ஏற அவருக்கு என்ன கட்டாயம்?

பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. ஏற்காட்டில் அது கண்ணெதிரே, ஏரியைச் சுற்றி நிற்கிறது. மே மாதக் கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியே ஏறு, குப்பனூர் வழியே இறங்கு என்று வண்டிகளைப் பிரித்துவிட வேண்டிய அளவுக்கு நெரிசல். கொடைக்கானலில் உள்ளே வரும் வண்டிகளிடம் நகராட்சி சுங்கம் வசூலிக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் தினசரி வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது. மலைக்குத் தாங்கும் அளவு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஏற்காட்டில் ஏரிக்கரையிலும் காட்சி முனைகளிலும் கார் நிறுத்த ஒழுங்கான கட்டணம் வைத்து, தங்கும் விடுதிகளிடம் அறைக்கு ஒரு சிறு தீர்வை பெற்று, அந்தத் தொகையை ஒன்றியத்துக்குள் ஓடும் நடைகளுக்கென்றே ஒதுக்கலாம்.

சுற்றுலா படுத்துவிடும் என்று விடுதிக்காரர்கள் அஞ்சக்கூடும். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த வருமானத்தில் சமையல்காரராகவும் தோட்டக்காரராகவும் வாழ்பவர்கள் இதே மலையூர்க்காரர்கள். ஆனால் சபரிமலையில் நிலக்கல்லில் வண்டிகளை நிறுத்திவிட்டு பம்பை வரை கேரள அரசுப் பேருந்தில் போகும் ஏற்பாட்டால் கூட்டம் குறைந்துவிடவில்லை. ஏரியிலிருந்து பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்று சுற்றும் பேருந்து கால் மணிக்கொருமுறை கிடைத்தால், நெரிசலில் அரை நாளைத் தொலைக்கும் குடும்பம் இன்னொரு இரவு தங்கத்தான் பார்க்கும். பகலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் அதே வண்டி மாலையில் கரடியூர்ப் பக்கம் ஹால்ட் வண்டியாகப் போகலாம். ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர் குழு, இரண்டு பொருளாதாரங்களுக்கும் வேலை.

மில்வாக்கியின் ஓட்டை இங்கேயும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமான பகுதி. வசூலாகும் தொகை ஏற்காட்டு ஏரிக்கரையில் மேலும் ஒரு அலங்கார வளைவாகவோ நடைபாதைக் கல்லாகவோ மாறிவிடலாம். கட்டியது கண்ணில் படும், திறப்பு விழாவும் நடத்தலாம், ஹால்ட் வண்டிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. எனவே நிதியைத் தனிக் கணக்கில், ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளுக்கும் இடமுள்ள குழுவின் பொறுப்பில் வைக்க வேண்டும். போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்தோடு அந்தக் குழு போடும் ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் மட்டும் இருந்தால் போதாது. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எது என்று ஊர்ப் பெயரோடு எழுதியிருக்க வேண்டும். ஓடாத நடைக்குப் பணம் இல்லை என்ற விதியும், ஓடிய நடைகளின் பட்டியலை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டும் வழக்கமும் சேர்ந்தால், ஒண்டிக்கடையில் நிற்கும் பெண் டீக்கடைக்காரரிடம் கேட்டதை அந்தத் தாளைப் பார்த்துக் கேட்கலாம், அதுவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம்.