நந்தி மலையடிவாரத்து வெள்ளை ஒயின்

பெங்களூரு ஒயினின் வேர் ‘பெங்களூரு புளூ’ என்னும் கருந்திராட்சையில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம்தான். ஆனால் அதன் தூக்கலான வாசனை ஜூஸுக்கும் ஜாமுக்கும் இனிப்பு ஒயினுக்குமே ஒத்துவந்தது. சாப்பாட்டோடு பருகும் வெள்ளை ஒயினுக்கு வேறு கொடி வேண்டியிருந்தது. 1988-இல் கன்வல் குரோவர் நந்தி மலையடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம், பிரெஞ்சு ரகங்களை வளர்க்கத் தொடங்கினார். சுமார் 900 மீட்டர் உயரத்துக் குளிர்ந்த இரவுகள் பழத்தின் புளிப்பைக் காத்தன. அந்தப் புளிப்புதான் விஷயமே. நம் காரத்துக்கு ஒயின் ஒத்துவராது என்பவர்கள் சிவப்பு ஒயினை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அதன் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு எரியும், மறுப்பதற்கில்லை. துவர்ப்பு குறைந்து புளிப்பு தூக்கிய வெள்ளை அப்படியல்ல. இத்தாலியில், கார்கனேகா திராட்சையோடு ட்ரெபியானோ கலக்கும் சொவாவே என்னும் வெள்ளை ஒயினை மீனோடு பரிமாறுவதும் இதே கணக்கில்தான். எலுமிச்சை பிழிந்த வஞ்சிர வறுவலுக்கு நன்கு குளிர்ந்த நந்தி சொவிஞோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயின் பொருந்தும். புளி தூக்கலான மீன்குழம்புக்கு முன் மட்டும் அது சப்பென்று போய்விடும்.